முகம் கோணினால் முதலில் கண்ணைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண்ணையும் மூட முடியவில்லை. அன்றே மருத்துவரிடம் சென்றேன். அவர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார், காதைப் பார்த்தார், கை கால்களைச் சோதித்தார். பக்கவாதம் இல்லை, முகவாதம்தான் என்று சொல்லிப் பத்து நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஸ்கேன் எடுக்கவில்லை. மாத்திரை முடிந்தும் முகம் பெரிதாக மாறவில்லை. சர்க்கரை இருக்கும்போது ஸ்டீராய்டு சாப்பிட்டது தவறா? மின்தூண்டல் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாமா? முகம் பழையபடி திரும்புமா? இரண்டு நாட்களாக இடது கண் சிவந்து, மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கண் சிவந்து உறுத்துகிறது என்றால் இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். மற்ற கேள்விகள் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. இமை மூடாத கண்ணில் கண்ணீர் சீராகப் பரவுவதில்லை. கருவிழி காய்ந்து, உராய்ந்து, புண்ணாகும். அந்தப் புண் ஆறினாலும் தழும்பு விட்டுப் பார்வையைக் குறைக்கக்கூடும். முகவாதம் வந்தவரும் வீட்டில் இருப்பவர்களும் கோணிய வாயைப் பார்த்துத்தான் கலங்குகிறார்கள். ஆனால் வாய் பெரும்பாலும் தானாகவே நேராகிவிடும். கவனிக்காமல் விட்ட கண்ணுக்கு அந்த உறுதியைத் தர முடியாது.

கண் மருத்துவர் கருவிழியைச் சோதித்து உங்களுக்கு ஏற்ற மருந்தைச் சொல்வார். பொதுவாக, பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை அடிக்கடி விட வேண்டும். படுக்கும் முன் கண்ணுக்கான களிம்பைப் போட்டு, மேலிமையை விரலால் மெல்ல இறக்கி மூடி, மருத்துவத்துக்குரிய மென்மையான டேப்பை ஒட்ட வேண்டும். எப்படி ஒட்டுவது என்பதை மருத்துவமனையில் ஒருமுறை நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பஞ்சையோ துணியையோ கண்மேல் வைத்துக் கட்டாதீர்கள். உள்ளே இமை திறந்துகொண்டால் அந்தப் பஞ்சே கருவிழியை உரசும். வெளியே போகும்போது காற்றும் தூசியும் படாதபடி கண்ணாடி அணியுங்கள். இமை முழுதாக மூடும் நாள்வரை இவற்றில் எதையும் நிறுத்தக்கூடாது.

இனி நோயைப் பற்றி. முகத்தசைகளை இயக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதின் பின்புற எலும்புக்குள் குறுகலான ஒரு குழாய் வழியாக வருகிறது. அதன் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அங்கே நரம்பு வீங்கினால், விரிய இடமில்லாமல் நசுங்கி, செய்தியைக் கடத்த முடியாமல் போகிறது. நாக்கின் முன்பகுதிச் சுவையும், கண்ணீர்ச் சுரப்பும், காதுக்குள் பலத்த ஒலியைத் தணிக்கும் சிறு தசையும் இதே நரம்பைச் சார்ந்தவை. அதனால்தான் சிலருக்குச் சுவை மங்குகிறது, சாதாரணச் சத்தம்கூடக் காதை அறைகிறது. உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் மறுபடி கிளர்வதுதான் இந்த வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருப்பவர்களுக்கும் இது சற்று அதிகமாக வருகிறது. நீங்கள் செய்த எதனாலும் இது வந்துவிடவில்லை.

ஸ்கேன் எடுக்காததை நினைத்து வருந்தாதீர்கள். நெற்றியைச் சுருக்கச் சொன்னதே முக்கியமான சோதனை. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே பழுதாகும்போது நெற்றியும் சேர்ந்து அசையாமல் போகும். காதைப் பார்த்தது கொப்புளம் இருக்கிறதா என்று அறிய. சின்னம்மை வைரஸ் இந்த நரம்பைத் தாக்கினால் காதில் கொப்புளமும் கடும் வலியும் வரும், சிலருக்குத் தலைசுற்றலும் கேட்கும் திறன் குறைவும் சேரும். அவர்களுக்கு ஸ்டீராய்டுடன் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் தாமதமின்றித் தேவை. உங்கள் மருத்துவர் நிதானமாகவே பார்த்திருக்கிறார். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: திடீரென முகம் கோணினால் கண்ணாடி முன் நின்று நீங்களே நெற்றியைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூளைத்தண்டில் ஏற்படும் சில பக்கவாதங்களில் நெற்றியும் செயலிழக்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்டீராய்டு சாப்பிட்டது தவறல்ல, சரியான நேரத்தில் செய்த சரியான காரியம். முகம் கோணிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதற்கு முழுப் பலன் உண்டு. ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாட்கள் எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் ஒன்பது மாதங்களில் முழுதாகக் குணமடைந்திருந்தார்கள். அதை எடுக்காதவர்களில் அது 82 சதவீதம். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மைதான். அந்த நாட்களில் அடிக்கடி சோதித்து, தேவையானால் சர்க்கரை மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது மாத்திரை முடிந்துவிட்டதால், சர்க்கரை பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். முகம் தாமதிக்கிறதே என்று அதே மாத்திரையை நீங்களாக வாங்கி மறுபடி தொடங்க வேண்டாம்.

முகம் திரும்புமா? டென்மார்க்கில் எந்த மருந்தும் தராமல் 1,701 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 71 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகச் சரியானது. 85 சதவீதம் பேருக்கு முதல் அசைவு மூன்று வாரங்களுக்குள் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது மூன்றாவது மாதத்துக்கும் ஐந்தாவது மாதத்துக்கும் இடையில் வந்தது. நீங்களோ உரிய காலத்தில் மருந்தும் எடுத்திருக்கிறீர்கள். பெரிதாக மாறவில்லை என்று எழுதுகிறீர்கள், அப்படியானால் சிறிதாவது மாறியிருக்கிறதா? நல்ல வெளிச்சத்தில் வாரம் ஒருமுறை புருவம் உயர்த்தி, கண் மூடி, சிரித்துப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் படத்தில் தெரியும். இழை அறுந்த நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், மாதக்கணக்கில் ஆவது இயல்பு.

மின்தூண்டலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குணத்தை விரைவுபடுத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வலிந்து முகத்தைச் சுளிப்பதும், பலூன் ஊதுவதும், தாடை நோக மெல்லுவதும் வேண்டாம். நரம்பு மீண்டும் வளரும்போது இழைகள் தடம் மாறித் தசைகளைச் சேர்ந்தால், சிரிக்கும்போது கண் மூடும், சாப்பிடும்போது கண்ணீர் வழியும். முரட்டுப் பயிற்சி தவறான அசைவுகளையே பழக்கிவிடும் என்பது என் கவலை. அசைவு தெரியத் தொடங்கியதும், முகவாதத்தில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டிடம் கண்ணாடி பார்த்து மெதுவாகச் செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் ஆகியும் முகம் முழுமையாகத் திரும்பவில்லை என்றால், காது மூக்குத் தொண்டை நிபுணரையோ நரம்பியல் நிபுணரையோ பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணல் கூடினாலும், காதின் முன்னால் கட்டி தட்டுப்பட்டாலும், மறுபக்கமும் செயலிழந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அப்போதுதான் ஸ்கேன் உண்மையில் தேவைப்படும். நரம்பு முழுதாக மீளாதவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன: தடம் மாறிய அசைவுகளுக்குத் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, கண்ணை மூட மேலிமையில் சிறு தங்க எடை, சிரிப்பை மீட்க நரம்பு மாற்று அறுவை சிகிச்சைகள். உங்களுக்கு அவை தேவைப்படும் என்று இப்போது நினைக்க எந்தக் காரணமும் இல்லை. கண் மருத்துவரிடம் போகும்போது, இரவில் இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி, அதையும் அவரிடம் தெரிவியுங்கள்.