ஒரே நேரத்தில் இரண்டு நிரல்கள்: பழைய டொஸ் கணினி வாங்கியோரின் கேள்விகள்

கேள்வி: சென்ற மாதம் திருகோணமலை நகரில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் 286 கணினி (80286 என்ற பழைய மையச் செயலி கொண்டது) வாங்கினேன். பல நிரல்களை ஒன்றாக ஓட்ட உதவும் டெஸ்க்வியூ மென்பொருள் இருப்பதால் விற்பனைக் கணக்கையும் இருப்புப் பட்டியலையும் ஒன்றாக ஓட்டலாம் என்றார்கள். ஒன்றைத் திறந்தால் மற்றதற்கு நினைவகம் போதவில்லை. (கிண்ணியா)

பதில்: உங்களிடம் சொன்னது அரை உண்மை. எம்.எஸ்.டொஸ் என்ற பழைய இயக்கமுறைமை ஒரு நேரத்தில் ஒரு நிரலை ஓட்டுவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதுவும் நிரலும் 640 கிலோபைட்டுக்குள் ஒடுங்க வேண்டும். டெஸ்க்வியூ செயலியின் நேரத்தைத் துண்டுகளாக்கி நிரல்களுக்குப் பகிரும். ஆனால் அவை தங்கும் இடத்தை அதனால் உண்டாக்க முடியாது. 80386 (386) செயலியிலும் அதற்குப் பின்வந்தவற்றிலும் மட்டுமே, ஒவ்வொரு நிரலுக்கும் தனியொரு 8086 (இவற்றுக்கு முந்தைய எளிய செயலி) இருப்பதுபோல் காட்டி, மேலதிக நினைவகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் வசதி உண்டு. சிறப்பு நினைவக அட்டை இல்லாத 286இல் பெரிய நிரல்கள் இரண்டு சேர்ந்து ஓடா.

தொண்ணூறுகளில் நானும் இப்படி ஏமாந்தேன். கொழும்பில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, என் 286க்கு மேலதிக நினைவகம் வாங்கிப் பொருத்தினேன்; என் கணக்கு நிரல் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “நினைவகம் கூடினால் நிரல்களும் கூடும்” என்று இன்றும் விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீங்கள் வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை என்பதால், கடைக்காரர் பணத்தைத் தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள்.

கேள்வி: எம்.எஸ்.டொஸ் 5இல் நிரல்களுக்கிடையே மாற உதவும் டொஸ்ஷெல்லில் வேறு நிரலுக்கு மாறினால், முந்தையது பின்னணியில் அச்சிட்டுக்கொண்டிருக்குமா? (நிலாவெளி)

பதில்: இல்லை, நீங்கள் திரும்பி வரும்வரை அது உறைந்து நிற்கும்.

கேள்வி: 386 என்று வாங்கினேன், வீட்டில் மூடியைக் கழற்றினால் 286. பற்றுச்சீட்டு இல்லை, கடையில் இயக்கிப் பார்க்கவும் இல்லை. என்ன செய்யலாம்? (மூதூர்)

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. நீங்கள் கேட்கவில்லை; மூடியையும் பணம் கொடுத்த பின்புதான் கழற்றியிருக்கிறீர்கள். கடைக்குப் போய் மரியாதையாகப் பேசிப் பாருங்கள்; அதற்கு மேல் என்னிடம் வழியில்லை.

கேள்வி: என் தந்தையின் பழைய கணக்கு நிரல் புதிய மடிக்கணினியில் திறக்கவில்லை. திருத்துநர் ஒருவர் டொஸ்பொக்ஸ் பதிந்து, மென்பொருளின் விலை என்று 4,500 ரூபா வாங்கினார். (உப்புவெளி)

பதில்: மனம் வருந்துகிறேன். டொஸ்பொக்ஸ், பழைய டொஸ் நிரல்களைப் புதிய கணினியில் ஓட்டும், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய மென்பொருள். பதிந்து கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். மென்பொருளுக்கு விலை சொன்னது நியாயமன்று, அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். 64 பிட் விண்டோஸ் பழைய டொஸ் நிரல்களை நேரடியாக ஓட்டாது என்பதால் அந்த மென்பொருள் உங்களுக்குத் தேவைதான். அதை இரண்டு முறை திறந்தால், அன்று பெரும்பாடுபட்டுப் பெற்ற வசதி கிடைக்கும்: இரண்டு நிரல்கள் ஒருசேர ஓடும். ஆனால் அது விளையாட்டுகளுக்காக உருவாக்கப்பட்டது, கணக்குக் கோப்புகளைக் காப்பதற்காக அல்ல. ஆகவே இரு சாளரங்களிலும் ஒரே கணக்குக் கோப்பைத் திறக்காதீர்கள், தந்தையின் கோப்புகளுக்கு இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.