மூடிய ஸ்டேஷன் நிலத்துக்குக் கிராண்ட் கிடைக்குமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புறச் சிற்றூர் ஒன்றில், மூடப்பட்ட ரயில் நிலையத்தின் பின்புறம் எங்கள் வீடு இருக்கிறது. தண்டவாள வேலை செய்த தாத்தா கட்டிய வீடு அது. அப்பா பெயரில் ஆண்டுதோறும் டி.ஓ.எல். (தற்காலிகக் குடியிருப்பு உரிமம்) கட்டணம் கட்டி வந்தோம், அவர் காலமாகிவிட்டார். இப்போது காலி செய்யச் சொல்லி அம்மாவுக்கு நோட்டீஸ் வந்துள்ளது. ஸ்டேஷன் மூடியதால் நிலம் மாநில அரசிடம் திரும்பிவிட்டது, முப்பது ஆண்டு குடியிருந்தவர்களுக்குக் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 3,000 வெள்ளி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தத் தரகர் சொல்லும் இரண்டு கூற்றுகளுக்கும் சட்டத்தில் இடமில்லை.

1992 ஆகஸ்ட் 1ஆம் தேதி மலாயா ரயில்வேயான கேடிஎம் நிறுவனமாக்கப்பட்டபோது ரயில் ஓட்டும் பொறுப்பு நிறுவனத்திடமும், ரயில்வே சொத்துகள் ரயில்வே சொத்துக் கழகத்திடமும் சென்றன. ஆகவே ரயில் நிற்காமல் போவது ஒரு விஷயம். நிலம் கைமாறுவது வேறு விஷயம். ரப்பர் லாரி ஏறியதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்ததும், இரட்டைத் தண்டவாளம் வந்ததும், 2010 முதல் இடிஎஸ் மின்சார விரைவு ரயில் சின்ன ஊர்களில் நிற்காமல் பறந்ததும் உங்கள் ஊர் போன்ற நிலையங்களைத் தேய வைத்தன என்பது உண்மைதான். ஆனால் ரயிலுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஒதுக்கீடு, மாநில அதிகாரம் விசாரணை நடத்தி அரசிதழில் ரத்து செய்தாலன்றி நீங்குவதில்லை. 1893இல் திறந்த தாப்பா ரோடு–தெலுக் இந்தான் கிளைப் பாதையில் ரயில் ஓட்டம் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. பாதை மூடியது என்ற ஒரே காரணத்தால் அங்கே எவருக்கும் கிராண்ட் பிறக்காது.

அடுத்தது இந்த முப்பது ஆண்டுக் கதை. நெடுநாள் அனுபவித்தால் தனியார் நிலம் 12 ஆண்டில், அரசு நிலம் 30 ஆண்டில் சொந்தமாகும் என்ற பேச்சு இந்தியாவின் காலவரம்புச் சட்டத்திலிருந்து வந்து, நம் ஊர்க் காப்பிக் கடைகளில் மலேசியச் சட்டமாகிவிட்டது. இங்கே நடப்பது 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம். அதன் 48ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும், 341ஆம் பிரிவு பதிவுபெற்ற நிலத்துக்கும் இந்தக் கதவை அடைத்துவிட்டன. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளாகப் பார்த்து வருகிறார்கள்.

டி.ஓ.எல். என்பது தற்காலிக உரிமம் மட்டுமே. எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31க்கு மேல் செல்லாது, மறுபடி புதுப்பிக்க வேண்டும். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்த அன்றே அதுவும் முடிந்துவிடும். அப்பா பெயரில் தொடர்ந்து பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதுகள் அம்மாவுக்கு உரிமம் ஆகமாட்டா. நிலம் உரிமம் தரக்கூடிய வகையாக இருந்தால், அம்மா தம் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

எனவே முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். நோட்டீஸில் உள்ள லாட் எண்ணைக் கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான்' (நிலப் பதிவுத் தேடல்) எடுக்கலாம். சிறு கட்டணம்தான், தரகர் தேவையில்லை. பதிவு கழகத்தின் பெயரிலா, மத்திய நில ஆணையர் பெயரிலா, மாநில ஒதுக்கீடா, தோட்ட நிறுவனத்துடையதா என்பதைப் பொறுத்தே அடுத்த அடி. ஒரு கவுண்ட்டர் மற்றொரு கவுண்ட்டரைக் காட்டும், அங்கே போனால் கோப்பு இங்கேதான் என்பார்கள். ஒரு சிறு தகவலுக்கு முதியவர்களை இப்படி அலைக்கழிக்கும் நிர்வாகம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது என்பது என் கருத்து.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் கவனமாகப் படியுங்கள். நில உரிமையாளரோ அதிகாரியோ 'இங்கேயே இருங்கள், உங்களுக்கு நிலம் தரப்படும்' என்ற வகையில் உறுதியளித்து, அதை நம்பி உங்கள் குடும்பம் வீடு கட்டியிருந்தாலோ செலவு செய்திருந்தாலோ, நீதிமன்றம் உங்களை வெறும் அத்துமீறியவராகக் கருதாமல் இருக்கக்கூடும். அப்போதும் கிடைப்பது பெரும்பாலும் இழப்பீடோ மாற்று இடமோ தான். வாய்ப்பேச்சை நிரூபிப்பது மிகக் கடினம். தண்ணீர், மின்சார இணைப்பு இருப்பது உறுதிமொழி ஆகாது. மதிப்பீட்டு வரி ரசீதும் ஆகாது. தேர்தல் நேரத்தில் மேடையில் ஒருவர் சொன்னதும் ஆகாது. தாத்தாவுக்கு வந்த கடிதம், வீடு கட்ட அளித்த எழுத்துப்பூர்வ அனுமதி, நில விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டதாக வந்த பதில் போன்றவை பெட்டியில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மூலத்தை எவரிடமும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

நோட்டீஸுக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் அனுப்பி, கையொப்பமிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். அத்துமீறிக் குடியிருப்பதாகக் கருதினால், நில உரிமையாளர் நீதிமன்ற விதிகளின் 89ஆம் ஆணையின்கீழ் முழு விசாரணை இல்லாமலே விரைவாக வெளியேற்ற உத்தரவு பெற முடியும். அந்த நீதிமன்ற அழைப்பு வந்தால் அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் உங்கள் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். தரகரிடம் ஏற்கெனவே ஏதேனும் கொடுத்திருந்தால், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், வங்கிச் சீட்டுடன் போலீஸில் புகார் செய்துவிடுங்கள்.