வாங்கிய கடன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தொன்பது வருட சர்வீஸ். விரைவில் தலைமையாசிரியர் பதவி உயர்வு வரலாம். அதற்குள் ஏதாவது படிக்க ஆசை. எம்.எட். சேர்வதா, பள்ளித் தலைமைத்துவம் பற்றி ஆன்லைனில் நடக்கும் கட்டணப் படிப்பில் சேர்வதா? வட்டார வள மையப் பயிற்சிகளால் ஒரு பயனும் இல்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் பயிற்சியே வேண்டாம், பாடம் நடத்த விட்டாலே போதும். இதில் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு வேறு எழுதச் சொல்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ச.

அன்புள்ள ச. டீச்சருக்கு,

டெட் விஷயத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும், பதவி உயர்வுக்கும் அது வேண்டும் என்றது. பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியவரைப் பரீட்சை எழுதச் சொல்வது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் புத்தகத்தை எடுங்கள். எம்.எட். கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் பக்கம் திரும்பி, "சார், வாங்குன கடனைத் திருப்பிக் கொடுத்தாச்சா?" என்றார். கையில் எடுத்த வெள்ளைப் பணியாரம் அப்படியே நின்றுவிட்டது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. உற்றுப் பார்த்த பிறகுதான் ஆள் தெரிந்தது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது தலை பாதி நரைத்திருக்கிறது.

எழுத வருவதற்கு முன் பதினொரு வருடம் நானும் வாத்தியார்தான். இரண்டாவது வருடம், கழித்தல் பாடம். 52இல் 27 போக மீதி. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இவன் எழுந்து, "வாங்குன கடனை எப்ப சார் திருப்பிக் கொடுக்கிறது?" என்றான். தாத்தா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. வகுப்பு சிரித்தது. அதிகப்பிரசங்கி என்று காதைத் திருகி உட்காரவைத்தேன்.

பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே மரத்தட்டிதான். அந்த வகுப்பின் பெரிய டீச்சர் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, "சரியான கேள்விதானே சார் கேட்டிருக்கு? வட்டிக்கடை வீட்டுப் பிள்ளை வேற எப்படிக் கேக்கும்?" என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை. மறுநாள் அவர் என் வகுப்பை எடுத்துக்கொண்டு என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். அவருடைய வகுப்பைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல இருபத்தேழு எடு. முதல்ல ஏழு" என்றார். அது இரண்டு குச்சியை எடுத்துவிட்டுத் திகைத்து நின்றது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் பத்து வார்த்தை பேசியிருப்பேன். வேப்பமரத்துக் காக்கைச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. கடைசியில் அந்தப் பிள்ளை, "கட்டைப் பிரிக்கலாமா டீச்சர்?" என்றது. "பிரியேன்." நூலை அவிழ்த்தது. உடனே நம்ம ஆள் பின்னாலிருந்து கத்தினான்: "இது கடன் இல்ல டீச்சர், சில்லறை மாத்துறது!"

அதற்கப்புறம் நான் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அந்த அரை நிமிட அமைதியை பயிற்சி தர வருகிற எந்தக் கருத்தாளர், எந்தக் கையேட்டில் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியும்? அதைப் பார்க்கத்தான் முடியும். வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குப் போனவன் எப்படித் தொழில் படித்தான்? பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலாள் யாருக்குக் கொடுக்கிறார், யாருக்கு எப்படி முகம் கோணாமல் இல்லை என்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்தாள் ஆனான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே!

ஜப்பானில் இதை ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு பிள்ளைகளைக் கவனிப்பார்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் திகைத்தது என்பதுதான் பிறகு பேச்சு. நம் ஊரிலும் உற்றுநோக்கல் உண்டு, தெரியும். அதிகாரி வருவார், போனில் டிக் அடிப்பார், போவார். அவர் தலை தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நன்றாகப் படிக்கிற பிள்ளையை எழுப்பிவிடுகிறோம். நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்தேன்.

வள மையப் பயிற்சி பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. சென்னையில் இறக்கிய டிகாஷன் மாவட்டம் வழியாக ஒன்றியத்துக்கு வரும்போது வெறும் கலர் தண்ணீர். குழு விவாதம், வடை, டீ, ஸ்கெட்ச் பேனாவால் பூப்போட்ட சார்ட், கைதட்டல். மீதிப் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். 2022இல் தொடக்க வகுப்புகளுக்காக வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சிக்குப் போன டீச்சர்கள் சிலர் பாட்டும் பொம்மையுமாகத் திரும்பியதை நானே பார்த்தேன்.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய், பிள்ளைகள் அட்டையை எடுத்துத் தாமாகப் படிப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். 2007இல் அது மாநிலம் முழுக்கப் போனபோது பார்த்தவர்கள் குறைவு, கேள்விப்பட்டவர்கள் அதிகம். அட்டைகள் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.

1950இலேயே அழகப்பர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய ஊர் காரைக்குடி. பி.எட். பிள்ளைகள் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு பள்ளிகளில் பாடம் நடத்திப் பழகப் பஸ் ஏறுவதை இன்றும் பார்க்கிறேன். அந்தச் சில வாரம் அவர்கள் பாடத்தைப் பார்க்கப் பின்னால் ஒருவர் இருப்பார். வேலை கிடைத்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. உங்களையே கேளுங்கள்: இந்தப் பத்தொன்பது வருடத்தில் சக ஆசிரியர் ஒருவர் உங்கள் வகுப்பில் முழுப் பாடவேளை உட்கார்ந்ததுண்டா? நீங்கள் யார் வகுப்பிலாவது உட்கார்ந்தீர்களா? அதற்குள் பயிற்சியே வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள்! படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு வருடம் 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையோடு மல்லுக்கட்டுவது வேறு கதை, அதற்குள் போகவில்லை. மணிக்கணக்கை விடுங்கள், கிழமையைப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தை எத்தனை தடவை சனிக்கிழமை வைத்திருக்கிறார்கள்! பிள்ளைகளே இல்லாத பள்ளியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசுகிறோம்.

தலைமையாசிரியர் ஆனதும் உங்களுக்கும் பயிற்சி வரும். பதிவேடு, பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். கவனமாகக் கேளுங்கள், சத்துணவுக் கணக்கு தப்பினால் தூக்கம் போய்விடும். அதோடு வாரத்தில் ஒரு பாடவேளை உங்கள் டீச்சர் ஒருவரின் வகுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். கையில் படிவம் கிடிவம் எதுவும் கொடுக்காதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் இது நடக்காது. உங்கள் பள்ளியில் நடக்கும். முதலில் உங்கள் வகுப்பைத் திறந்துவிடுங்கள், புதிதாக வந்த டீச்சர் வந்து பின்னால் உட்காரட்டும். கூச்சமாகத்தான் இருக்கும்.

எம்.எட்.? ஆசையிருந்தால் படியுங்கள். ஆன்லைன் படிப்புக்குக் கட்டும் பணத்தைப் பஸ் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேவகோட்டைப் பக்கமோ சிங்கம்புணரிப் பக்கமோ நன்றாகக் கணக்கு எடுக்கிற டீச்சர் ஒருவர் இருப்பார், விசாரித்தால் தெரியும்.

பி.கு.: உங்கள் கடிதத்தைத் திருத்தித்தான் வெளியிட்டிருக்கிறேன். வந்த இடத்திலெல்லாம் 'பயிற்ச்சி' என்று எழுதியிருந்தீர்கள். ற் வந்தால் பின்னால் ச் வராது, டீச்சர்.