சாப்பிடவா, மரத்தில் மாட்டவா?

கேள்வி: கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் குக்கீகளைப் பிள்ளைகளே ஐசிங் போட்டு அலங்கரிக்கும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 12-இல் 7 உடைந்து வந்தன. "தின்பண்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை" என்கிறார் விற்றவர். சின்னவள் அழுதுவிட்டாள்.

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு, உடைந்து வந்ததைத் திருப்பிக் கொடுப்பது வேறு. தின்பண்டம் என்ற சாக்கை இங்கே சொல்லவே கூடாது. வெளிப்பெட்டி, முகவரிச் சீட்டு, உள்ளே வைத்த அட்டை, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பணம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி முடித்துக்கொள்ள வேண்டாம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் முறையிடலாம். எனக்கும் இப்படி ஒரு பெட்டி வந்தது. அட்டைப்பெட்டியை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். அப்புறம் காட்ட ஒன்றும் இல்லாமல் பணம் போயே போனது. படம் எடுத்து முடித்ததும், முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் கெட்டியாக அடித்து, துண்டுகளைச் சின்னவளோடு உட்கார்ந்து ஒட்டுங்கள். காய்ந்தால் நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: மரத்தில் மாட்ட, மாவும் உப்பும் பிசைந்த உப்பு மாவில் செய்த நட்சத்திரங்கள் ஓவனில் பன் மாதிரி உப்பிவிட்டன. வீட்டில் இருந்த செல்ஃப் ரைசிங் மாவைத்தான் போட்டேன். புது ஓவன் வாங்கலாமா?

பதில்: ஓவனை விடுங்கள், மாவை மாற்றுங்கள். அந்த மாவில் பேக்கிங் பவுடர் கலந்தே வருகிறது. சாதா மைதா 2 பங்கு, உப்பு 1 பங்கு, தண்ணீர் ஏறக்குறைய 1 பங்கு. அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டால் போதும்.

கேள்வி: குக்கீக்குத் தங்க நிறம் தரும் மினுக்குத் தூள் வாங்கினேன். டப்பாவில் 'நான்-டாக்சிக்' (நஞ்சில்லாதது) என்று இருக்கிறது. மரத்தில் மாட்டியதைப் பிள்ளைகள் கடைசி நாளில் எடுத்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. நான்-டாக்சிக் என்றால் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. பிள்ளைகளின் கிரேயான் டப்பாவிலும் அதே சொல்தான் இருக்கிறது, அதற்காகக் கிரேயானைத் தட்டில் வைப்போமா? சாப்பிடும் பொருள் என்றால் 'எடிபிள்' என்று எழுதியிருக்க வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத டப்பா சமையலறைக்குள் வரவே கூடாது.

வெறும் பயமுறுத்தல் இல்லை இது. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலேண்டில், இப்படிப்பட்ட தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். ஐசிங்கைச் சோதித்தபோது அதில் செம்பு மிக அதிகமாக இருந்தது. முன்பக்கம் கேக் படத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று அச்சடிப்பவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். படத்தைப் பார்த்து நம்பும் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நீங்கள் வாங்கிய தூளை, யாரும் கடிக்கப் போகாத உப்பு மாவு நட்சத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 101 குக்கீ கட்டர்கள் கொண்ட செட் வாங்கினேன். அடுத்த வருடம் திறந்தால் எல்லாம் துரு. கழுவி ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடியது தவறா?

பதில்: ஆமாம், தவறுதான். தகரம் ஈரத்தில் துருப்பிடிக்கும். கையால் கழுவி, துடைத்து, சூடு ஆறும் ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்திருக்கலாம். சரி, அந்த 101-இல் எத்தனையைப் பயன்படுத்தினீர்கள்? நட்சத்திரம், மரம், மனிதன், மணி. துருப்பிடிக்காத எஃகில் இந்த நாலும் போதும்.

கேள்வி: "இயற்கைப் பொருள், ஆபத்தில்லை" என்று சொல்லி விற்ற உப்பு மாவு பொம்மை ஒன்றை எங்கள் நாய் தின்றுவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், இப்போதே. அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே ஆபத்து. பணத்தை நாளைக்குக் கேட்கலாம், கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: அம்மா செய்த உப்பு மாவு நட்சத்திரத்தை 20 வருடமாக மாட்டுகிறோம். இந்த முறை எடுத்தால் பிசுபிசுக்கிறது. ஆயுளுக்கும் காக்கும் என்று ஒரு ஸ்ப்ரே விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தின் மேலேயே பூச்சு அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். மகள் மூன்று வயதில் கை பதித்த வட்டத்துக்கு நான் அப்படி ஒரு ஸ்ப்ரே வாங்கி அடித்தேன். அடுத்த டிசம்பரில் பூச்சு தோலாக உரிந்து வந்தது. சுண்டுவிரல் பதிந்த ஓரம் மாவாக உதிர்ந்தது. இன்றும் அந்த வட்டத்தை நான் பஞ்சில் சுற்றித்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அதைக் கம்பித் தட்டில் வைத்து, மின்விசிறிக் காற்றில் சில நாள் திருப்பித் திருப்பிக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு சாதாரணத் தெளிவான வார்னிஷை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, முன்னும் பின்னும் ஓரத்திலும் பூசுங்கள். நூல் கோக்கும் ஓட்டையின் உள்பக்கத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஈரம் நுழைவதே அங்கேதான். பல்குச்சி நுனியில் வார்னிஷைத் தொட்டு அங்கே தடவுங்கள். பண்டிகை முடிந்ததும் காற்றுப்புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ரிப்பனையும் மாற்றிவிடுங்கள்; 20 வருடத்து ரிப்பன் அம்மாவின் நட்சத்திரத்தைத் தாங்காது.