கேலக்ஸிக் கொத்தின் நடுவிலிருந்து வரும் ரேடியோ அலைகள்: வாசகர் கேள்விகள்

கொத்தின் நடுவே இருக்கும் பெரிய கேலக்ஸியில் மட்டும் ரேடியோ அலை ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது? (பொள்ளாச்சி)

அது இருக்கும் இடம்தான் காரணம். ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் கேலக்ஸிகளின் கூட்டம்தான் கொத்து. அது முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. அதன் அடர்த்தி நடுவில் அதிகம். அடர்ந்த வாயு எக்ஸ் கதிராக வெப்பத்தைச் சீக்கிரம் இழந்து குளிரும். அதில் ஒரு பங்கு நடுக் கேலக்ஸியின் கருந்துளைக்குத் தீனியாகும். தீனி கிடைத்த கருந்துளை இருபுறமும் தாரைகளைப் பீய்ச்சும். அந்தத் தாரைகளில் ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது எழுவதே இந்த ரேடியோ அலை. எல்லாக் கொத்திலும் இப்படி இல்லை. நடுவாயு குளிர்ந்துவரும் கொத்துகளில்தான் அதிகம் காண்கிறோம்.

அவ்வளவு சக்தியும் எங்கே போகிறது? (கோபிசெட்டிபாளையம்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெர்சியஸ் கொத்தின் நடுவே இருப்பது என்ஜிசி 1275 என்ற கேலக்ஸி. சந்திரா விண்கலம் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் அதன் இருபுறமும் இருண்ட குழிகள் தெரியும். ரேடியோ படத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள், குழிக்குள் ரேடியோ ஒளிர்வு அப்படியே பொருந்தும்! தாரைகள் வாயுவை ஒதுக்கி ஊதிய குமிழிகள் அவை. ஆலைக் கொப்பரையில் கொதிக்கும் கரும்புப்பாலில் குமிழி மேலெழுவதுபோல, அவை கொத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மிதந்து போகின்றன. போகிற வழியில் வாயுவைக் கலக்கிச் சூடேற்றுகின்றன. இந்தச் சூடு மட்டும் இல்லையென்றால் வாயு குளிர்ந்து, இப்போது காண்பதைவிட மிக அதிகமாகப் புது நட்சத்திரங்கள் பிறந்திருக்க வேண்டும்.

நாசா வெளியிட்ட 'கருந்துளை ஒலி' இந்த ரேடியோ அலைதானா? (ஈரோடு)

இல்லை. 2022-இல் வந்த அந்த ஒலி, பெர்சியஸ் வாயுவில் பரவும் அழுத்த அலைகளிலிருந்து உருவானது. ஓர் அலை கடக்கவே சுமார் ஒரு கோடி ஆண்டு ஆகும் என்பதால், காதுக்கு எட்டும்படி 57, 58 எண்மம் (ஆக்டேவ்; ஓர் எண்மம் ஏறினால் அதிர்வெண் இரட்டிக்கும்) உயர்த்தினார்கள். ரேடியோ அலையோ ஒளியின் இனம்.

இப்படி ஒரு கேலக்ஸியை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? (தாராபுரம்)

தாராளமாக. கன்னிக் கொத்தின் நடுவே இருக்கும் எம் 87, மே மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் கொங்கு வானில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியில் உள்ள விண்டெமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கும் நடுவில் தேடுங்கள். ஊர் வெளிச்சத்தை விட்டுத் தள்ளிப் போனால், சிறிய தொலைநோக்கியிலேயே மங்கிய புகைத்திட்டாகத் தெரியும். 2019-இல் படம் வெளியானதே, அந்தக் கருந்துளை அதற்குள்தான் இருக்கிறது. 650 கோடி சூரியன்களின் நிறை!

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியால் இந்தக் குமிழிகளைப் படமெடுக்கலாமா? (மேட்டுப்பாளையம்)

முத்தோரையில் 1970 முதல் இயங்கும் அது 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்துக்கு ஒத்திருப்பதால், ஒரே அச்சில் திருப்பி ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் அருமையான யோசனை அது. ஆனால் குமிழிகளின் உருவத்தைப் பிரித்துக்காட்ட அது போதாது. அதற்கு, புனே அருகே 45 மீட்டர் டிஷ்கள் 30-ஐப் பரப்பி அவரே அமைத்த ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கி ஏற்றது. பழைய குமிழிகளில் வேகமான எலக்ட்ரான்கள் முதலில் சோர்ந்துவிடும். மிச்சமிருப்பது ஜிஎம்ஆர்டி கேட்கும் தாழ்ந்த அலைவரிசைகளில்தான் தெரியும்.