113 கோல், 88 பிஹைண்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னுக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆஸ்திரேலிய ஃபுட்பால் பற்றி எழுதியபோது லான்ஸ் ஃபிராங்க்ளினை மேதை என்று சொல்லியிருந்தீர்கள். 2008இல் அவர் 113 கோல் அடித்தார், சரி. கூடவே 88 பிஹைண்ட். கணக்குப் போட்டால் 56 சதவீதம்தான் வருகிறது. நடுக் கம்பங்களுக்கு இடையே போனால் கோல், ஆறு புள்ளி; பக்கத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், ஒரே ஒரு புள்ளி என்கிற ஆட்டத்தில், ஐந்தில் இரண்டுக்கு மேல் தவறவிடுகிறவர் எப்படி மேதை ஆவார்? டோனி லாக்கெட்டின் 1360 கோல்களை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. கிரிக்கெட்டில் பிராட்மனை 99.94 என்ற சராசரியால்தானே அளக்கிறோம்? வீட்டில் எனக்கும் என் மகனுக்கும் இதே சண்டை. அவன் ஃபிராங்க்ளின் கட்சி.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கணக்கு சரி. ஆனால் கணக்கில் ஏறாமல் போனவை நிறைய.

அந்த 56 சதவீதத்தில் கோலும் பிஹைண்டும் மட்டுமே இருக்கின்றன. உதைத்த பந்து நான்கு கம்பங்களுக்கும் வெளியே போய்விட்டாலோ, பாதி வழியில் எதிரணிக்காரர் கையில் விழுந்தாலோ, இந்தக் கணக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. கம்பத்தை உரசித் தவறவிட்டவருக்குத் தண்டனை உண்டு, படுமோசமாக உதைத்தவருக்கு இல்லை. பிராட்மன் ஆட்டமிழந்த ஒவ்வொரு முறையும் ஸ்கோர் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான் 99.94 நிற்கிறது.

அடுத்தது, எங்கிருந்து உதைத்தார் என்பது. லாக்கெட் ஃபுல் ஃபார்வர்டு. கோலுக்கு எதிரே இருப்பவர், பந்து அவரைத் தேடி வரும். ஃபிராங்க்ளின் மைதானம் முழுக்க அலைந்தவர். இடதுகால்காரரான அவர் நின்று உதைக்கும்போதுகூட நேராக ஓடிவர மாட்டார். இடப்பக்கமாக ஒரு வளைவு போட்டு வந்துதான் காலை வீசுவார். பயிற்சியாளர்கள் வகுப்பில் கற்றுத்தரக்கூடாத முறை. 2010இல் எஸெண்டன் அணிக்கு எதிராக எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி, துரத்தியவரைப் பின்னால் விட்டு, ஓட்டத்திலேயே உதைத்த பந்து அந்த ஆண்டின் சிறந்த கோல் ஆனது. கோலுக்கு நேரே பதினைந்து மீட்டரில் நின்று சாவகாசமாக உதைத்ததும் ஒரு கோல், அதுவும் ஒரு கோல். பட்டியலில் இரண்டும் ஒரே வரிசைதான்.

அதே 2008இன் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஃபிராங்க்ளினின் அணியான ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்ட். ஜீலாங் 11 கோல், 23 பிஹைண்ட். எண்ணை மட்டும் பார்த்தால் ஜீலாங்காரர்களின் கால் அன்று கோணிக்கொண்டது என்றுதான் தோன்றும். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த 23இல் பலவற்றை ஜீலாங் உதைக்கவே இல்லை. ஹாதார்ன் தடுப்பாளர்கள் வேண்டுமென்றே பந்தைத் தங்கள் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். ஒரு புள்ளியைக் கொடுத்துப் பந்தை வாங்கிக்கொள்கிற வியாபாரம். அடுத்த ஆண்டே விதியை மாற்றி அதற்குப் பூட்டுப் போட்டார்கள்.

பிஹைண்ட் என்றாலே தவறு என்கிறீர்கள். 1966 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் செயின்ட் கில்டா, காலிங்வுட் இரண்டும் 73இல் நின்றன. செயின்ட் கில்டாவின் பாரி ப்ரீன் நெரிசலில் பந்தைப் பிடுங்கி, குறி பார்க்க நேரமில்லாமல் அப்படியே உதைத்தார். அழகு என்று சொல்ல எதுவும் இல்லாத உதை. தள்ளாடிப் போன பந்து தரையில் குத்தி, பக்கத்து இடைவெளியில் நுழைந்தது. 74–73. செயின்ட் கில்டாவின் வரலாற்றில் இதுவரை உள்ள ஒரே கோப்பை அதுதான். உங்கள் சதவீதத்தில் ப்ரீனுக்கு ஒரு மைனஸ்.

உதைகளின் எண்ணிக்கையையே அளவுகோலாக்கினால் இன்னும் வேடிக்கை. அந்தப் பட்டியலின் உச்சியில் ரிச்மண்டின் கெவின் பார்ட்லெட் இருக்கிறார். 403 ஆட்டம், 8293 உதை. பந்தைச் சகாவுக்குக் கையால் குத்திக் கொடுக்க மனம் வராதவர் என்பதால் ‘பசிக்காரர்’ என்றே பட்டப்பெயர். பெரிய ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் 1996இல் நூற்றாண்டின் அணியைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு அதில் இடமில்லை. கையால் குத்திக் கொடுப்பதையே ஓர் ஆயுதமாக்கிய கிரஹாம் ஃபார்மர் இருந்தார்.

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்ற கணக்கை நானும் மதிக்கிறேன். ஃபிராங்க்ளின் 354 ஆட்டத்தில் 1066, சராசரி மூன்று. லாக்கெட் 281 ஆட்டத்தில் 1360, கிட்டத்தட்ட ஐந்து. இதை மகனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆட்டக்காரர்களில் பீட்டர் ஹட்சன் 129 ஆட்டத்தில் 727, ஜான் கோல்மன் 98 ஆட்டத்தில் 537. இருவருக்கும் சராசரி ஐந்தரையை ஒட்டி வருகிறது. பையன் அதைக் கண்டுபிடித்தால் லாக்கெட்டும் உங்கள் கையை விட்டுப் போய்விடுவார்.