கேள்வி பதில்: வெஸ் மாண்ட்கோமரியோட கட்டைவிரல்

கேள்வி: ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மாண்ட்கோமரி பிக்கே (கம்பியை மீட்டுற சின்னத் தகடு) இல்லாம வாசிச்சாராமே, அது ஒரு ஸ்டைலுக்காகவா?

பதில்: ஸ்டைலுக்காக இல்லைங்க, சத்தத்தைக் குறைக்கத்தான். 1923ல அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ்ல பிறந்தவர், கிட்டத்தட்ட 20 வயசுல ஜாஸ் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியன் ரெக்கார்டைக் கேட்டுட்டு ஆறு கம்பி கிட்டாரை வாங்கிட்டு வந்து அதுல இருக்குற சோலோ (தனி வாசிப்பு) ஒவ்வொண்ணையும் காதாலயே கேட்டு மனப்பாடம் பண்ணிருக்காரு, நோட்டேஷன் படிக்கத் தெரியாது. வேலை முடிஞ்சு ராத்திரி ஆம்ப்ளிஃபயர் போட்டு பிராக்டிஸ் பண்ணா வீட்லயும் பக்கத்து வீட்லயும் தொந்தரவு, அதான் பிக்கைத் தூக்கி வெச்சுட்டு கட்டைவிரலோட சதையால மீட்ட ஆரம்பிச்சாரு. அந்த உருண்டையான, இதமான டோன் அப்படி வந்ததுதான்.

இன்னொண்ணு அவரோட ஆக்டேவ். ஒரே ஸ்வரத்தை கீழ் ஸ்தாயி மேல் ஸ்தாயி ரெண்டுலயும் ஒரே நேரத்துல வாசிக்கிறது, நடுவுல இருக்குற கம்பி சத்தம் போடாம இடது கை விரலாலயே லேசா தொட்டுப் பிடிச்சுக்கணும், அதை வேகமான பாட்டுல வாசிச்சுப் பாருங்க, கை வலி என்னன்னு தெரியும்! சோலோவை ஒத்தை ஸ்வரத்துல ஆரம்பிச்சு, அப்புறம் ஆக்டேவ், அப்புறம் பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கிற முழு கார்டுன்னு (chord) படிப்படியா ஏத்திக்கிட்டே போவாரு. எனக்கு அந்த மூணாவது கட்டம் வரும்போது இன்னைக்கும் சிலிர்க்கும்.

கேள்வி: அவ்ளோ திறமை இருந்தும் ஏன் லேட்டா பேரு வந்துச்சு?

பதில்: ஊர்லயே இருந்துட்டாரு. 1948ல இருந்து ரெண்டு வருஷம் ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் பேண்டோட ஊர் ஊரா சுத்தினாரு, அப்புறம் குடும்பத்துக்காகத் திரும்பி வந்து பகல்ல ஃபேக்டரி வேலை, ராத்திரி விடிய விடிய கிளப்ல வாசிப்பு, தூக்கம்னு ஒண்ணு எங்க இருந்துச்சோ. 1959ல சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி இவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ரிவர்சைட் ரெக்கார்ட்ஸ்ங்கிற இசைத்தட்டு கம்பெனில சொன்னாரு, அடுத்த வருஷம் வந்த ஆல்பத்துல உலகத்துக்கே தெரிஞ்சிடுச்சு, அப்போ வயசு 36, 37 இருக்கும்.

கேள்வி: கடைசியில காசுக்காக பாப் பாட்டு வாசிச்சு கெட்டுப்போனாருன்னு சொல்றாங்களே?

பதில்: எனக்கு இதுல கோவம்தாங்க வரும். பெரிய குடும்பத்தை வெச்சுக்கிட்டு அத்தனை வருஷம் ரெண்டு ஷிஃப்ட் உழைச்ச மனுஷன். ஆர்க்கெஸ்ட்ரா வெச்ச அந்த ஆல்பங்கள்ல சோலோவுக்கு இடம் கம்மி, அது உண்மைதான், ஆனா டோன் அதே டோன். 1965ல பியானோ கலைஞர் வின்டன் கெல்லியோட ட்ரியோவோட (மூணு பேர் குழு) பண்ணதைக் கேளுங்க, பியானோ அவர் பின்னாடியே ஓடி வரும். 1968 ஜூன்ல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, 45 வயசுதான்.